ரவேலின் வயலின்–செல்லோ சொனாட்டாவை நம் ஊர் மண்டபத்தில் வாசிக்கலாமா?

சுங்கைக்கரையான்:

வணக்கம். சங்கீதம் தெரிந்தவர்கள் நாலு பேர் இங்கே இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். என் மகள் வயலின், அக்கா மகன் செல்லோ, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி. (அக்கா மகன் என்றதும் கல்யாணப் பேச்சு எடுப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.) மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மோரிஸ் ரவேல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சொனாட்டாவாம், நாலு பாகமாக வரும் வாத்திய உருப்படி. வயலினும் செல்லோவும் மட்டும்தான். பியானோ இல்லை, மிருதங்கம் இல்லை, சுருதிப் பெட்டிகூட இல்லை.

என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். முதல் வாரம் சாய்வு நாற்காலியில் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்பா, இன்னும் சுருதி சேர்த்து முடியலையா?" என்றார். பிள்ளைகள் அப்போது இரண்டாம் பாகத்தின் நடுவில் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் ஒன்றுகூடல். நாங்கள் குடியிருந்த லயத்தை (வரிசை வீடுகள்) இடித்து, பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆட்கள் டவுனிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிதறிக் கிடக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மண்டபம் எடுத்துச் சோறாக்கிப் பேசிக்கொண்டிருப்போம். இந்தத் தடவை கலை நிகழ்ச்சியில் இவர்கள் இருவருக்கும் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதைத்தான் வாசிப்போம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

வாசிக்க விடலாமா? அதைவிட முக்கியமாக, இதில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். அப்பாவாக இருந்துகொண்டு சும்மா தலையாட்டப் பிடிக்கவில்லை.

நாலுதந்தி:

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு சபாஷ். ஈப்போவில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த உருப்படியைத் தொடும் மாணவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பின்கதை சொல்கிறேன். டெபுஸ்ஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1918இல் காலமானார். அவர் நினைவாகப் பாரிஸில் ஓர் இசை இதழ் பத்து இசையமைப்பாளர்களிடம் ஆளுக்கு ஓர் உருப்படி வாங்கி 1920 டிசம்பரில் இணைப்பாகப் போட்டது. பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, எரிக் சாத்தி எல்லாரும் அதில் உண்டு. ரவேல் கொடுத்ததுதான் இந்த முதல் பாகம். மீதி மூன்று பாகத்தை முடிக்க 1922 பிப்ரவரி வரை இழுத்தடித்தார். ஏப்ரல் 6ஆம் தேதி பாரிஸில் அரங்கேறியது. வயலின் எலென் ஜூர்தான்-மொராஞ்ச் அம்மையார், செல்லோ மோரிஸ் மரேஷால்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வண்ணம் பூசுவதில் ரவேல் பெரிய கை. 'பொலேரோ' அவருடையதுதான். அப்படிப்பட்டவர் வண்ணப் பெட்டியை மூடி வைத்துவிட்டு இரண்டே கோட்டில் வரைந்த படம் இது. ஹார்மனியின் (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பதன்) கவர்ச்சியைத் துறந்து மெலடியின் பக்கம் போனேன், என் போக்கில் இது ஒரு திருப்பம் என்ற பொருளில் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

கேட்க வேண்டியது: ஆரம்பத்தில் வயலினை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய ஏ ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். ஒருமுறை சாதாரண காந்தாரம் வரும், அடுத்தமுறை அதற்கு அரை ஸ்வரம் மேலே இருக்கும் அந்தர காந்தாரம் வரும். மறுபடியும் சாதாரணம், மறுபடியும் அந்தரம். அவர்கள் மைனர், மேஜர் என்பார்கள். இது சோகமா சந்தோஷமா என்று முடிவு கட்ட விடாமலே மனுஷன் நம்மை நடத்திக்கொண்டு போவார். இந்த ஊசலாட்டம் பின்னால் வரும் பாகங்களிலும் தலைகாட்டும்.

அப்புறம் செல்லோ நுழையும். அது கீழே உறுமும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே ஏறி வந்து வயலினின் வீட்டிலேயே உட்கார்ந்து பாடும். கண்ணை மூடிக்கொண்டால் சில இடத்தில் எது வயலின், எது செல்லோ என்று எனக்கே குழப்பம் வரும்.

கிராணிமகன்:

உண்மையைச் சொன்னால் யாருக்கும் கசக்கும். ஒன்றுகூடலுக்கு வருபவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். சோறு சாப்பிட்டு, பழைய கதை பேசி, இரண்டு பழைய பாட்டு கேட்டுவிட்டுப் போகலாம் என்று வருகிறார்கள். அவர்கள் முன்னால் இருபது நிமிடம் கீச்சுக் கீச்சென்று இழுத்தால் மரியாதைக்குக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நல்லா வாசிக்கத் தெரியும் என்றால் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசிக்கட்டுமே. எல்லாருக்கும் சந்தோஷம்.

தவில்வீடு:

கிராணிமகன் அண்ணே, நான் தினம் கோயிலில் அடிக்கிறவன். கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. உங்களுக்கு எப்படி வந்தது?

யூடியூபில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு சந்தேகம். அந்த இரண்டு காந்தாரத்தைக் கேட்டதும் எனக்கு நாட்டை ராகம் ஞாபகம்தான் வந்தது. சரியா?

இரண்டாம் பாகத்தில் இரண்டு பேரும் வில்லைத் தூக்கிக்கொண்டு விரலால் தந்தியைச் சுண்டுகிறார்கள். ஒருவர் போடுவதை அடுத்தவர் எடுக்கிறார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிக்கும்போது ஆளுக்கு எட்டு, ஆளுக்கு நாலு, ஆளுக்கு இரண்டு என்று சுருக்கிக்கொண்டே வருவார்களே, அந்தச் சூடு இதில் இருக்கிறது. ஆனால் தாளம் எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. போட்டுப் பார்த்தேன், கை காற்றில் நின்றுவிட்டது.

நாலுதந்தி:

தவில்வீடு, நாட்டை என்று காதில் விழுந்ததில் தப்பே இல்லை. நாட்டையின் ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே ஸ்வரஸ்தானம்தான். ஆனால் நாட்டையில் அதற்கு ரிஷபம் என்று ஒரு பதவி உண்டு, அதற்கென்று ஓர் அசைவு உண்டு. காந்தாரத்தோடு அதற்குச் சண்டை இல்லை. ரவேலிடம் இரண்டுமே காந்தாரம். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர்.

குறைப்பு என்றீர்களே, பொருத்தமான ஒப்பு. ஒரே ஒரு வித்தியாசம், குறைப்பு கடைசியில் கோர்வை என்ற முடிப்பில் வந்து சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) இறங்கும் என்று நமக்குத் தெரியும். இதில் அந்த உத்தரவாதம் இல்லை.

சுங்கைக்கரையான், உங்கள் அப்பா சுருதி சேரவில்லை என்றாரே, அதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட வேண்டாம். அதில் நிஜமாகவே ஒரு விவகாரம் இருக்கிறது.

வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. செல்லோ தந்திகள் சி, ஜி, டி, ஏ. அடுத்தடுத்த தந்திகளுக்குள் எல்லாம் ஸ–ப உறவுதான். செல்லோவின் கீழ் சி-யில் தொடங்கிச் சுத்தமான பஞ்சமமாக நாலு படி ஏறுங்கள்: ஜி, டி, ஏ, ஈ. வயலினின் மேல் தந்தியின் அதே ஸ்வரத்தில், ஒரு ஸ்தாயி கீழே, வந்து நிற்பீர்கள். சி ஸட்ஜம் என்றால் அந்த ஈ அந்தர காந்தாரம். சரி. இப்போது தம்புராவை எடுத்து மந்தர ஸட்ஜத் தந்தியை மட்டும் மீட்டுங்கள். யாரும் தொடாமலே உள்ளிருந்து ஒரு காந்தாரம் எழும்பும் இல்லையா? அந்தக் காந்தாரமும் நாலு படி ஏறி வந்த காந்தாரமும் ஒன்றல்ல. ஏறி வந்தது 81க்கு 80 என்ற கணக்கில் சற்றுத் தூக்கல். அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அது பல்லில் மண் கடித்த மாதிரி.

பியானோ கூட இருந்தால் அது ஒரு நடுவர் மாதிரி, அதோடு ஒத்துப்போய்விடலாம். இரண்டே பேர் என்றால் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? பழகியவர்கள் செல்லோவின் கீழ்த் தந்திகளை இம்மியளவு ஏற்றி வைப்பார்கள், பஞ்சமம் கொஞ்சம் குறுகும். மிச்சத்தை ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரலால் சரி செய்வார்கள்.

சுங்கைக்கரையான்:

நாலுதந்தி ஐயா, நீங்கள் எங்கள் ஹாலில் ஒளிந்திருந்து கேட்டீர்களா?

என் மகள் முதல் ஆறு வருஷம் கோயில் வாத்தியாரிடம் தரையில் உட்கார்ந்து, வயலினைக் கணுக்காலில் ஊன்றிக் கற்றவள். அப்புறம்தான் நின்றுகொண்டு வாசிக்கும் முறைக்கு மாறினாள். பையன் தொடக்கத்திலிருந்தே ஈப்போவில் மேற்கத்திய வகுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் "நீ ஏறிட்டே", "நான் ஏறல, நீதான் இறங்கிட்டே" என்று ஆரம்பிக்கும். அவன் செல்போனில் சுருதி பார்க்கும் ஆப்பைக் காட்டுவான், பச்சை விளக்கு எரியும். அவள் "போன் சொன்னா நான் கேட்கணுமா?" என்று சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்து போடுவாள். மூன்றாம் பாகம் மெதுவாகப் போவதால் அதில்தான் சண்டை அதிகம். செல்லோ தனியாகக் கீழே ஆரம்பிக்க, வயலின் பிறகு வந்து சேர்கிற இடம். போன வாரம் அதைப் பதினொரு முறை வாசித்தார்கள். பதினொன்றாவது முறை இரண்டு சத்தமும் ஒட்டிக்கொண்டு, ஹாலில் மூன்றாவதாக ஏதோ ஒன்று முனகிய மாதிரி இருந்தது. மின்விசிறியோ என்று அண்ணாந்து பார்த்தேன்.

செல்லோக்காரி:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்தில் இதே சொனாட்டாவை எடுத்துப் பாதியில் கைகழுவியவள்.

மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு கதை. முதலில் வாசித்த ஜூர்தான்-மொராஞ்ச் அம்மையாரே ரவேலிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்: செல்லோவைப் புல்லாங்குழல் மாதிரி பாட வைக்கிறீர்கள், வயலினை டிரம் மாதிரி அடிக்க வைக்கிறீர்கள், இவ்வளவு கஷ்டமாக எழுதினால் வித்துவான்களைத் தவிர யார் வாசிப்பார்கள் என்று. ரவேல், நல்லதாய்ப் போயிற்று, அரைகுறைகள் கையில் கொலையாக மாட்டேன் என்றாராம். அந்தக் கொலையைச் செய்தவள் நான். உங்கள் பிள்ளைகள் என்னைவிடத் தேவலை என்று தோன்றுகிறது.

நடைமுறை விஷயத்துக்கு வருகிறேன். நாலு பாகமும் சேர்ந்து இருபது நிமிடத்தை விழுங்கிவிடும். நடுவில் சுருதி சேர்க்க வேண்டும், வியர்வை துடைக்க வேண்டும். முதல் இரண்டு பாகம் போதும். முதல் பாகம் 1920இல் தனியாகத்தான் அச்சானது, அதைத் தனியாக வாசிப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

ஈரப்பதம்! வீட்டில் குளிர்சாதனம் போட்டு வாசித்துவிட்டு நேராக மண்டபத்து வெக்கைக்குப் போனால் தந்தி முறுக்கும் கட்டைகள் ஊதி இறுகிக்கொள்ளும். வெக்கையிலிருந்து குளிருக்குப் போனால் சுருங்கி வழுக்கும். ஒரு மணி நேரம் முன்பே போய் பெட்டியைத் திறந்து வையுங்கள். வாத்தியத்தைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வில்லில் தடவும் என் குங்கிலியம் ஒருமுறை வெயிலில் உருகி வில் பெட்டிக்குள் பாகாய் ஓடியிருந்தது.

செல்லோவின் ஊன்றுகோல் சிமெண்டுத் தரையில் வழுக்கும். அடியில் வைக்க ஏதாவது கொண்டுபோங்கள்.

இது ரொம்பக் கடினம் என்று கடைசி நேரத்தில் பயந்தால் பார்டோக்கின் 44 டூயட்டுகள் இருக்கின்றன, 1931இல் எழுதியது. இரண்டு வயலினுக்கு எழுதியது என்றாலும் செல்லோவுக்கு மாற்றி வாசிக்கலாம். நாட்டுப்புறப் பாட்டை வைத்து எழுதிய சின்னச் சின்ன உருப்படிகள், எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். இதே வயலின்–செல்லோ ஜோடிக்கு ஹங்கேரிக்காரர் கோடாய் 1914இல் ஒரு டுவோ எழுதியிருக்கிறார். ரவேலின் கடைசி பாகத்தில் அந்த ஹங்கேரி வாடை அடிக்கும். ஆனால் அதுவும் லேசுப்பட்டது இல்லை.

பாஷாவாத்தியார்:

இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழி போதிப்பவன். சங்கீதத்தில் சூன்யம். ஆனால் ரவேல் என்ற பெயரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த மனிதர் 1914இல் எழுதிய பியானோ டிரியோவின் இரண்டாம் பாகத்துக்கு 'பாந்தூம்' என்று பெயர். மலாய் நாலடிக் கவிதையான நம் பாந்துன்தான்! விக்டர் ஹ்யூகோ 1829இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் ஒரு மலாய்ப் பாந்துனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். வண்ணத்துப்பூச்சி பறப்பதாகத் தொடங்கும் பாந்துன் அது. அதைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுக் கவிஞர்கள் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது நாங்கள் 'பாந்துன் பெர்காயிட்' என்று சொல்லிக்கொடுக்கும் வகையை. ஒரு கண்ணியின் இரண்டாம், நாலாம் அடிகள் அடுத்த கண்ணியின் முதல், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். நம் அந்தாதிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவேல் அதை எடுத்து இரண்டு இசைக் கருக்களைப் பின்னலாகப் பின்னிவிட்டார். மலாயா பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள்.

பாந்துனை யுனெஸ்கோ 2020இல் தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. என் மாணவர்களுக்கு அது பரீட்சையில் வரும் நாலு வரி, அவ்வளவுதான்.

கிராணிமகன்:

வாத்தியாரே, டிரியோ என்றால் மூன்று பேர். இங்கே பேச்சு இரண்டு பேரைப் பற்றி.

போன பதிவில் நான் கொஞ்சம் வெடுக்கென்று எழுதிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தோட்டத்துக் கிராணி (கணக்கர்). மாசக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போவார். நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். உள்ளே கிராமபோனில் இந்த மாதிரி வயலின் ஓடிக்கொண்டிருக்கும். இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை அப்பா வாசற்படிக்குக் கீழே நிற்பார். தட்டு முடிந்து ஊசியைத் தூக்குகிற சத்தம் கேட்டால்தான் இருமுவார். இந்த வகைச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு அந்த இருமல்தான் கேட்கிறது. பிள்ளைகள் மேல் கோபம் இல்லை.

தவில்வீடு:

அண்ணே, நீங்கள் கட்டாயம் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். இருமல் வந்தால் நடுவிலேயே இருமுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

சுங்கைக்கரையான்:

ஒன்றுகூடல் நேற்று முடிந்தது. கேட்டவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செல்லோக்காரி சொன்னபடி முதல் இரண்டு பாகம் என்று முடிவு செய்தோம். மண்டபத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், சமையல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணிக்குப் பிள்ளைகள் மேடை ஏறவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தகரக் கூரை. முதல் பாகம் பாதிக்கு மேல் மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பின்னால் சில பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, அவன் வில்லின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அதில்தான் சேர்ந்து மூச்சு விடுகிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

இரண்டாம் பாகம் ஆரம்பித்து விரலால் சுண்டத் தொடங்கினார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நாலைந்து அடி போயிருக்கும், செல்லோவின் ஊன்றுகோல் மொசைக் தரையில் சரேலென்று வழுக்கி, பையன் முழங்காலால் தாங்கிப் பிடித்தான். (ரப்பர் விரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான், கழுதை.) மறுபடி நிமிர்த்தி வைத்தான், மறுபடி வழுக்கியது. கூட்டம் சிரித்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த என் அப்பா எழுந்து, காலில் கிடந்த ரப்பர் செலிப்பாரில் ஒன்றைக் கழற்றி, மேடை ஓரமாகப் போய் அவன் காலடியில் வைத்தார். "குத்துப்பா இதுல" என்றார். குத்தினான். நின்றது. அப்பா ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. இசைக்காகவா, செருப்பு தாங்குமா என்று பார்ப்பதற்காகவா என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒன்று சுண்டி, பறித்து, எறிந்து விளையாடினார்கள். முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு பாட்டி, "அந்த நண்டு ஊர்ற மாதிரி வந்துச்சே, அதை இன்னொரு தரம் போடு" என்றார். போட்டார்கள். சுருதி சுத்தமாக இருந்ததா? இல்லை. ஏ தந்தி இறங்கியிருந்தது. அவள் அவனுக்காகக் கீழே இறங்கி வந்து வாசித்தாள், அது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்னைக்கு சுருதி சேர்ந்துடுச்சு போல" என்றார்.

நாலுதந்தி:

ஏ தந்தி இறங்கிய நாளிலா!

கிராணிமகன்:

நானும் போயிருந்தேன், மூன்றாவது வரிசை. இருமவில்லை. முதல் பாகம் மழையில் போய்விட்டது. வீடியோ யாராவது எடுத்திருந்தால் அனுப்பவும்.

செல்லோக்காரி:

செருப்பு என்ன அளவு என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய தடுப்பான் ஒரு நாளும் சரியாக நின்றதில்லை.

சுங்கைக்கரையான்:

ஒன்பது. ஆனால் அது இப்போது செல்லோப் பைக்குள் இருக்கிறது. திருப்பித் தரமாட்டேன் என்கிறான். அப்பாவுக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புது ஜோடி வாங்க வேண்டும்.